வேதியியல் படித்தவருக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள் நான். திருச்சியில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து ஓராண்டு ஆகிறது. தோழிகளோடு சித்தன்னவாசல் போயிருந்தபோது, அறிவர் கோயில் விதானத்தில் உள்ள தாமரைக்குளத்து ஓவியத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். “இதைச் சுத்தம் செய்ய வேதியியல் படித்தவர்கள்தான் வருவார்கள்” என்று அங்கிருந்த காவலர் சொன்னார். அன்று முதல் மனம் அதையே சுற்றிவருகிறது. அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலையும் வந்திருக்கிறது. வரலாறு படிக்காத நான் பழம்பொருள் பாதுகாப்புத் துறைக்கு வர முடியுமா? எங்கே கற்பது? கற்றால் வேலை கிடைக்குமா? எனக்குப் படம் வரைய வராது. அது தடையாக இருக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

காவலர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இந்தியத் தொல்லியல் துறை 1917இல் ஒரு தொல்லியல் வேதியியலரை நியமித்தது. அன்று தொடங்கிய அந்த அறிவியல் பிரிவு, இன்று டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு, நாடு முழுவதும் உள்ள சுவரோவியங்களையும் கற்சிற்பங்களையும் கவனித்துவருகிறது. அங்கே பணியில் சேர முதலில் கேட்கப்படுவதே வேதியியல் பட்டம்தான். அதனால் ‘வரலாறு படிக்கவில்லையே’ என்ற தயக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். வரலாற்றை நீங்கள் கட்டாயம் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை வேலைக்கு நடுவே, பொருளுக்குப் பொருள் படித்துக்கொள்ளலாம். ஒரு பொருள் ஏன் அழிகிறது என்று கேட்கும் பயிற்சியை அப்படி இடையில் பெறுவது கடினம். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வழிபோட்டவரே ஒரு வேதியியலர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டபோது பொறுப்பேற்ற எஸ். பரமசிவன்தான் அவர். அங்கிருந்த செப்புத் திருமேனிகளை அரிப்பு தின்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தும் வழியைத் தேடுவதே ஆய்வுக்கூடத்தின் முதல் வேலை. பின்னர் அவர் தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் பூச்சுத் துணுக்குகளை ஆராய்ந்து, சோழர் கால ஓவியம் ஈரம் உலராத சுண்ணத்தின் மேல் தீட்டப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது, வண்ணத் துகள்களையும் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்திலேயே நீங்கள் எழுதிப் பழகிய சமன்பாடுதான் இது. ஆயிரம் ஆண்டுகளாக ஓர் ஓவியத்தைச் சுவரில் நிறுத்திவைத்திருப்பதும் இதுவே.

செப்புத் திருமேனிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை நீங்களே அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நம் அருங்காட்சியகங்களில் உள்ள செப்புத் திருமேனிகளில் பல, வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ வயல் உழும்போதோ கிடைத்தவை. படையெடுப்புக் காலங்களில் கோயிலார் மண்ணுக்குள் மறைத்துவைத்தவை என்பது பொதுவான கருத்து. இப்படிக் கிடைப்பதை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அப்படித்தான் அவை தாலுகா அலுவலகம் வழியாக அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்கின்றன. பல நூறு ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்ததில், மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு உலோகத்துக்குள் இறங்கியிருக்கும். வெளியே எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பிறகு சில மாதங்கள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு மழைக்காலத்தில், சிலையின் கணுக்காலிலோ பீடத்தின் அடியிலோ குண்டூசித் தலையளவுக்கு வெளிர்பச்சைத் தூள் தெரியும். விரல் பட்டால் உதிரும். துடைத்தால் போய்விடும், சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். துடைத்த இடத்தில் சிறு குழி ஒன்று விழுந்திருக்கும்.

இதைச் செம்புநோய் என்கிறோம். உலோகத்தின் மேற்பரப்புக்கு அடியில் படிந்திருக்கும் குப்ரஸ் குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து காரச் செப்புக் குளோரைடாக மாறுகிறது. அப்போது வெளியாகும் அமிலம் அருகிலுள்ள நல்ல செம்பைத் தாக்கி மீண்டும் குப்ரஸ் குளோரைடை உண்டாக்குகிறது. ஈரமும் காற்றும் இருக்கும்வரை இந்தச் சுழற்சி ஓயாது. அழகான பச்சைப் பாசி போன்ற, இறுகிய, பளபளப்பான பச்சைப் படலம் வேறு. அது பெரும்பாலும் உலோகத்துக்குக் கவசம். உதிரும் வெளிர்பச்சைத் தூள் வேறு. இந்த இரண்டையும் கண்ணால் பிரித்தறியப் பழகுவதுதான் முதல் பாடம்.

கண் சொன்னதைச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும். ஊசி முனையால் அந்தத் தூளில் இம்மியளவு எடுத்துச் சோதனைக் குழாயில் போட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுவோம். தயிர் திரிந்தாற்போல் வெண்ணிறப் படிவு இறங்கினால் குளோரைடு இருக்கிறது என்று பொருள். பட்டப்படிப்பின் முதலாண்டுச் செய்முறை வகுப்பில் உப்புப் பகுப்பாய்வுக்காக எத்தனை முறை இதைச் செய்திருப்பீர்கள்! அதே சோதனையின் மறுமுனையில் இங்கே ஒரு சோழர் காலத் திருமேனி இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

அதன் பிறகு செய்வதெல்லாம் பொறுமையான வேலை. நுண்ணோக்கியின் கீழ் தூளை நீக்குவது. வடிநீரிலோ தகுந்த காரக் கரைசலிலோ குளோரைடைக் கழுவி வெளியேற்றுவது. பென்சோட்ரையசோலை எத்தில் ஆல்கஹாலில் கரைத்து உலோகத்தின் மேல் காப்புப் படலம் உண்டாக்குவது. கடைசியாக பேரலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசினை மெல்லிய பூச்சாகப் பூசுவது. நாளை இதைவிடச் சிறந்த பொருள் வந்தால் அசிட்டோனால் கரைத்து எடுத்துவிடலாம் என்பதற்காகத்தான் அந்தப் பிசின். இத்தனையும் செய்தபின் சிலையை ஈரமான காட்சிப்பெட்டிக்கே திருப்பி அனுப்பினால், குளோரைடு எங்காவது ஒளிந்திருக்குமானால் நோய் திரும்பும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து ஒப்பு ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும். கடற்கரை நகரமான சென்னையில் அது சும்மா நடப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஈரமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், நிறம் மாறிய ஜெல்லை எடுத்து அடுப்பில் உலர்த்தி மீண்டும் வைக்க வேண்டும். இந்தத் துறையின் பெரும்பகுதி இப்படிப்பட்ட வேலைதான். இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சலிப்புத் தட்டினால், தயவுசெய்து அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் உங்களுக்குச் சொல்லித்தராதது ஒன்று உண்டு: எங்கே நிறுத்துவது என்பது. கரைப்பானும் அமிலமும் கையில் இருக்கும்போது பொருளைப் புத்தம்புதிதாகப் பளிச்சிடச் செய்துவிடலாம் என்று கை பரபரக்கும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது வீட்டில் சரி. புதைபொருளாகக் கிடைத்த செப்புத் திருமேனியை அப்படித் தேய்த்தால், மேலே இருக்கும் படலத்தோடு சேர்த்து நகையின் நுண்வேலைப்பாடும், சில வேளைகளில் பீடத்திலுள்ள எழுத்தும் போய்விடும். போனது போனதுதான்.

நல்லெண்ணத்தோடு செய்ததே கேடாக முடிந்ததும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சுண்ணாம்புக்கல் பலகைகள் அவை. 19ஆம் நூற்றாண்டில், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அவற்றைச் சுவரோடு சேர்த்துக் காரை கொண்டு பதித்துவிட்டார்கள். சுவர் ஈரத்தை உறிஞ்சியது. ஈரத்தோடு உப்பும் வந்தது. கல்லின் நுண்துளைகளுக்குள் உப்பு படிகமாகும்போது விரிகிறது. மேற்பரப்பு செதில் செதிலாக உரிகிறது. பதித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று தெரிந்ததை அன்று செய்தார்கள். அதே கட்டடத்தில் பின்னாளில் செப்புத் திருமேனிகளுக்குச் சிறப்பாகப் பயன்பட்ட மின்னாற்பகுப்பு முறையையும் இன்று அரிதாகவே கையாள்கிறோம். அரிப்போடு காலம் தந்த படலத்தையும் அது நீக்கிவிடுகிறது என்பதால். நாம் இன்று செய்வதையும் ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் மாற்ற வேண்டியிருக்கும். அவருக்கு வழி விட்டுச் செய்வதும், என்ன செய்தோம் என்று ஒன்றுவிடாமல் எழுதிவைப்பதும் நம் கடமை. எழுதிவைக்காத சிகிச்சை, எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டிருந்தாலும், அரைகுறைச் சிகிச்சைதான்.

படம் வரைய வராதே என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக ஓவியம் படைப்பவராக இருக்க வேண்டியதில்லை. பார்த்ததை அளவு பிசகாமல் கோட்டுப்படமாகக் குறிக்கவும், எந்த இடத்தில் விரிசல், எந்த இடத்தில் பூச்சு உப்பியிருக்கிறது என்று அடையாளமிடவும் தெரிந்தால் போதும். அது மூன்று மாதப் பழக்கத்தில் வந்துவிடும். சுவரோவியத்திலும் தஞ்சாவூர் ஓவியத்திலும் உதிர்ந்த இடங்களுக்கு வண்ணம் நிரப்பும் வேலைக்குத்தான் தேர்ந்த கை வேண்டும். அதிலும்கூடக் கற்பனைக்கு இடமில்லை. ரோமில் உருவாகி உலகெங்கும் பரவிய முறை ஒன்று இருக்கிறது: இழப்பு ஏற்பட்ட இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்று பார்த்தால் படம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் எது மூலம், எது பின்னர் சேர்த்தது என்று பிரித்துவிடலாம். நீங்கள் உலோகம், கல், காகிதம் என்று போனால் இதுவும் பெரிதாகத் தேவைப்படாது. நிறக்குருடு இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை கண் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கே கற்பது என்பது.

முறையான முதுநிலைப் பட்டம் வேண்டுமென்றால், நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனம் முதலில் நினைவுக்கு வர வேண்டிய இடம். 1989இல் தேசிய அருங்காட்சியக நிறுவனம் என்ற பெயரில் டெல்லியில் தொடங்கியது. பாதுகாப்பியலில் எம்.ஏ. தருகிறார்கள், அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். ‘எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மறுபடி எம்.ஏ.வா’ என்று வீட்டில் கேட்பார்கள். டெல்லியின் தேசிய அருங்காட்சியகமும் அதன் ஆய்வுக்கூடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் அந்தப் படிப்பின் உண்மையான மதிப்பு என்று சொல்லுங்கள். பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அருங்காட்சியகவியல் துறை இருக்கிறது. ஆனால் அது காட்சியமைப்பு, சேகரிப்பு நிர்வாகம், கல்விப் பணி என்று அருங்காட்சியகத்தை முழுதாகக் கற்றுத்தரும் படிப்பு. பாதுகாப்பு அதில் ஒரு பகுதி. உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், அது உங்களுக்கானதாக எனக்குத் தோன்றவில்லை.

பட்டத்தைவிடக் கைப்பழக்கம் முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு லக்னோ. பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வுக்கூடம் 1976 முதல் அங்கே இயங்குகிறது. மைசூருவில் அதன் கிளை இருக்கிறது. உங்களைப் போன்ற வேதியியலருக்கு அதுபோல் ஏற்ற இடம் குறைவு. சிகிச்சையோடு, பொருளை ஆராயும் கருவிகளும் அங்கே உண்டு. பெங்களூருவில் சித்ரகலா பரிஷத் என்னும் கலை நிறுவனத்தோடு இணைந்து, பாரம்பரியத்தைக் காக்கும் தேசிய அறக்கட்டளையான இன்டாக் நடத்தும் கலைப்பொருள் பாதுகாப்பு மையம், ஓவியங்களில் நாட்டமுள்ளவர்களுக்கு நல்ல பட்டறை. 1984இல் தொடங்கிய இன்டாக்குக்கு வேறு நகரங்களிலும் இத்தகைய மையங்கள் உண்டு. மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்னும் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு மையமும் அப்படித்தான்.

உள்ளூரிலேயே இருந்துகொண்டு கற்க வேண்டுமானால், தமிழ்நாடு தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் ஈராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பைப் பாருங்கள். நுழைவுத் தேர்வு உண்டு. தேர்வானால் உதவித்தொகையும் உண்டு. அகழாய்வு, கல்வெட்டு, அருங்காட்சியகவியல் எல்லாம் கலந்தது. நீங்கள் அஞ்சுகிற வரலாறு அங்கே தானாகவே வந்துசேரும். வேதியியலில் ஆழம் அங்கே கிடைக்காது. அது உங்களிடம் இருப்பதால் பரவாயில்லை.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். லண்டனிலும் கார்டிஃபிலும் சிறந்த படிப்புகள் இருக்கின்றன. ரோமில் உள்ள பன்னாட்டுப் பாதுகாப்பு மையமான இக்ரோம், பணியில் இருப்பவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் தருகிறது. சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை போன்றவை நல்கைகளும் தருகின்றன. ஆனால் அவையெல்லாம் இரண்டு மூன்று ஆண்டு இங்கே கை அழுக்காக வேலை செய்தவர்களுக்குத்தான் முழுப் பயன் தரும். கடன் வாங்கிக்கொண்டு நேரே போனவர்கள், திரும்பி வந்தபின் நம் ஊர் ஈரத்தையும் கரையானையும் எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை. இங்கேதான் உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். அரசுப் பணியிடங்கள் குறைவு. மத்தியத் தொல்லியல் துறையின் வேதியியலர் பதவிகளுக்கு மத்திய அரசுத் தேர்வாணையம் அறிவிப்பு வெளியிடும். மாநில அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர் பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. இவை ஆண்டுதோறும் வருபவை அல்ல. வரும்போது வயதும் தகுதியும் கையில் இருக்க வேண்டும். ஆகவே அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள், ஆனால் அதற்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். நான்கைந்து ஆண்டு காத்திருந்தே கையையும் கண்ணையும் மழுங்கவிட்ட பிள்ளைகள் பலர்.

அரசுக்கு வெளியே வேலை இருக்கிறது. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒரு திட்டம் ஆறு மாதம், அடுத்தது ஒன்றரை ஆண்டு என்று போகும். தொடக்க ஊதியம் உங்களுக்கு வந்திருக்கும் மருந்துத் தொழிற்சாலை ஊதியத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சற்றே நிலைபெற ஐந்தாறு ஆண்டு ஆகும். தனியார் அருங்காட்சியகங்கள், நூலகங்கள், மடங்கள், மறைமாவட்ட ஆவணக் காப்பகங்கள், பழைய நிறுவனங்களின் பதிவறைகள், உங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் உள்ள குடும்பச் சேகரிப்புகள் எனப் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. பார்க்கத்தான் ஆளில்லை. குறிப்பாகக் காகிதத்துக்கும் ஓலைக்கும்.

எனவே என் திட்டவட்டமான யோசனை இது: உலோகமும் சுவரோவியமும் உங்களை ஈர்த்திருந்தாலும், தொடக்கத்தைக் காகிதத்திலும் ஓலையிலும் வையுங்கள். முதல் காரணம், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதற்கான இடங்கள் இருக்கின்றன. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உள்ளவற்றையும் சேர்த்து, அங்குள்ள சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்: கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களிலும் இதழ்களிலும் இருந்து 1994இல் உருவானது. இரண்டாவது காரணம், ஓர் ஓலையிலோ தாளிலோ தொடக்கக்காரர் செய்யும் பிழையைச் சோதனைத் துண்டுகளில் செய்து பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும். சோழர் செப்புத் திருமேனியில் பழகிப் பார்க்க யாரும் உங்களை விட மாட்டார்கள், விடவும் கூடாது.

ஓலையிலும் உங்கள் வேதியியலுக்கு நிறைய வேலை உண்டு. ஒட்டிக்கொண்ட ஏட்டைப் பிரிப்பது எப்படி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் ஓலை ஏன் மீண்டும் வளைகிறது, எவ்வளவு தடவினால் பிசுபிசுத்துத் தூசியை ஈர்க்கும், மங்கிய எழுத்துக்குக் கரியால் மையாடும்போது ஓலையின் நிறம் மாறாமல் காப்பது எப்படி என்பவை இன்றும் ஆய்வுக்குரிய கேள்விகள். ஊமத்தை இலையும் கோவையிலைச் சாறும் மாவிலைக் கரியும் சேர்த்துச் சுவடிக்கு மையாடிய நம் முன்னோரின் செய்முறைகள் பல வாய்வழியாகவே இருக்கின்றன. அவற்றை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்து, எது பயன்படுகிறது, எது காலப்போக்கில் ஓலையைக் கெடுக்கிறது என்று எழுத வேதியியலர்கள் வேண்டும். காகிதத்தின் பக்கம் வந்தால், அமிலத்தன்மையால் பொடிந்துபோகும் 20ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களே ஒரு வாழ்நாள் வேலை. அமிலத்தை நடுநிலையாக்குவது, கிழிசலை ஜப்பானிய மெல்லிழைத் தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு ஒட்டுவது, இவற்றையெல்லாம் சில மாதங்களில் பழகிவிடலாம். செல்லோடேப் ஒட்டிய பழைய பத்திரம் ஒன்றிலிருந்து அந்த டேப்பைக் கரைப்பானால் மெதுவாகப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டால், நம் ஊரில் உங்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்காது.

உடல்நலம் பற்றி ஒரு வார்த்தை. கரைப்பான்களின் ஆவியும் பென்சோட்ரையசோலும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. பழைய சேகரிப்புகளில், முக்கியமாகப் பாடம் செய்த பறவை, விலங்குகளில், அந்தக் காலத்தில் பூசிய ஆர்சனிக் இன்னும் இருக்கலாம். கையுறையும் முகக்கவசமும் காற்றுப்போக்கியும் இல்லாத இடத்தில் வேலைக்குச் சேராதீர்கள். ‘நாங்களெல்லாம் இப்படித்தான் செய்தோம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இப்போது அப்பாவின் யோசனைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வருகிறேன். அந்தத் தரக்கட்டுப்பாட்டு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டு, அதிகம் போனால் இரண்டாண்டு. நான் இப்படிச் சொல்வது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அங்கே அகச்சிவப்பு நிறமாலைமானி போன்ற கருவிகளில் உங்கள் கை பழகும். ஒரு பழைய ஓவியத்தின் மேல் பூசியிருப்பது இயற்கைப் பிசினா, செயற்கைப் பிசினா என்று கண்டறிய நாங்கள் நாடுவதும் அதே வகைக் கருவியைத்தான். ஒவ்வொரு செயலையும் தேதியிட்டுக் கையெழுத்திட்டுப் பதிவுசெய்யும் ஒழுக்கத்தை மருந்துத் தொழில் கற்றுத்தரும் அளவுக்கு வேறெதுவும் கற்றுத்தராது. எங்கள் துறையில் பலரிடம் குறைவாக இருப்பதும் அதுதான். நொய்டாவுக்கோ லக்னோவுக்கோ போகும் செலவை நீங்களே சேர்த்துவிடலாம். அப்பாவுக்கும் உங்கள் முடிவு வெறும் ஆசையில் எடுத்தது இல்லை என்பது புரியும். பி.எட். படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் இரண்டாண்டை அதற்குக் கொடுத்தால், இந்தப் பக்கம் வருவதற்கு அது எந்த வகையிலும் உதவாது.

வேலையில் இருந்துகொண்டே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாள்களில் போங்கள். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். தொடாமல், கண்ணாடிக்கு வெளியே நின்றபடி, அதன் நிலை அறிக்கையை எழுதுங்கள்: என்ன பொருள், எதனால் ஆனது, எங்கே விரிசல், எங்கே கறை, எங்கே தூள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, சுவரில் ஈரம் தெரிகிறதா. ஒரு கோட்டுப்படம் வரைந்து இந்த இடங்களை எண்ணிட்டுக் குறியுங்கள். என்ன சிகிச்சை செய்யலாம் என்று எழுதாதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை அதே பொருளை மறுபடி பார்த்து, மாற்றம் உண்டா என்று சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பாட்சியரிடம் உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, எழுதியதைக் காட்டித் திருத்தம் கேளுங்கள். அக்கறையோடு வருபவருக்கு நேரம் ஒதுக்காத காப்பாட்சியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது, மதிப்பெண் பட்டியலோடு இந்த அறிக்கையையும் இணையுங்கள். நேர்காணலில் யாராவது ‘வேதியியல் படித்துவிட்டு ஏன் இங்கே வந்தீர்கள்’ என்று கேட்டால், அதன் முதல் பக்கத்தைத் திறந்து காட்டிப் பேசத் தொடங்குங்கள்.